மலைக்கொசுவுக்கு மருந்து

அய்யாதுரையின் இடக்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூன்று பட்டைகள் பூசப்பட்டிருந்தன. முதல் பட்டை வேப்பெண்ணெய். இரண்டாவது, திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்த புல்தைலம். மூன்றாவது, மதுரையில் இங்கிலீஷ் மருந்துக்கடையில் வாங்கிய ட்யூப் களிம்பு. அந்தக் கையைச் சாக்கடைப் பக்கமாக நீட்டிக்கொண்டு, வீட்டின் பின்வாசலில் முக்காலி போட்டு அவர் உட்கார்ந்து அரைமணி நேரமாயிற்று. சிவகாசிக் கொசுக்கள் அவருடைய வலக்கையிலும் கழுத்திலும் காது மடல்களிலும் சாவகாசமாக உட்கார்ந்து பசியாறின. இடக்கைப் பக்கம் மட்டும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"மூணுமே வேலை செய்யுதுப்பா," என்றாள் மாரிக்கனி. அவருடைய ஒரே மகள். நோட்டும் பென்சிலுமாகப் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு.

"மூணும் வேலை செஞ்சா எது ஒசத்தின்னு எப்படித் தெரியும்? இந்த ஊருக் கொசு சோப்ளாங்கிக் கொசு. எண்ணெய் வாடைக்கே ஓடிருது. நாம பாக்கப்போறது மலைக்கொசு."

சொல்லிக்கொண்டே கழுத்தில் ஓர் அறை விட்டார். அறைந்தது இடக்கை. மூன்று பட்டைகளும் ஒன்றாகக் குழம்பிக் கழுத்தில் அப்பிக்கொண்டன. அத்தோடு அன்றைய பரீட்சை கலைந்தது.

எதையும் யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை என்பது அய்யாதுரையின் நாற்பத்தெட்டு வருஷ அபிப்பிராயம். எம். புதுப்பட்டியில் அவருக்குச் சொந்தமாக ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. அதில் வேலை செய்கிறவர்களுக்கு வேலை தெரியாது. வாங்குகிற வியாபாரிகளுக்குச் சரக்கு தெரியாது. தபால்காரனுக்குச் சைக்கிள் விடத் தெரியாது. ஊர்ப் பொங்கலில் தீச்சட்டி எடுக்கிறவர்களைக்கூட நிறுத்தி, சட்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மனைவி சொர்ணலட்சுமியின் அண்ணன் சீனிச்சாமி இலங்கையிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கினார். நுவரெலியாவில் பெரிய மளிகைக்கடை வைத்திருக்கிறவர். ஆசையாக அவர் கொண்டுவந்த தேயிலையை அய்யாதுரை முகர்ந்து பார்த்தார். மதுரையில் இதைவிட நல்லது கிடைக்கும் என்றார். பிறகு அந்த ஒரு வாரமும், மளிகைக்கடை நடத்துவது எப்படி என்று மச்சானுக்குச் சொல்லிக்கொடுத்தார். சீனிச்சாமி எல்லாவற்றையும் சிரித்தபடி கேட்டுக்கொண்டார். புறப்படும்போது, பஸ்ஸில் ஒரு காலை வைத்துவிட்டு, "ஒரு தடவை அங்கிட்டு வாங்க மாப்பிள்ளை," என்றார். பஸ்ஸில் காலை வைத்துவிட்டு எல்லாரும் சொல்கிற வார்த்தை அது. அய்யாதுரை அதை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் அதற்கு வேளை வந்தது. எதிர்க் கம்பெனி பொன்ராஜ் குடும்பத்தோடு பினாங்கு போய்வந்து, பார்க்கிற இடத்திலெல்லாம் கப்பலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். தீபாவளி சீசன் முடிந்த கையோடு அய்யாதுரை மச்சானுக்கு எழுதினார்: தை பிறந்ததும் குடும்பத்தோடு வருகிறோம், ஒரு மாதம் தங்குவோம். கடிதம் கடல் தாண்டுவதற்கு முன்பே இங்கே கடைவீதி முழுக்கச் செய்தியைச் சொல்லி முடித்துவிட்டார்.

பதில் வந்தது.

"மாப்பிள்ளை அவர்களுக்கு, நலம், நலமறிய ஆவல். தாங்கள் தங்கச்சியையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வருவதாக எழுதியது கண்டு அளவிலாச் சந்தோஷம். ஆனால் ஒரு விஷயம் சொல்லாமல் இருக்கக்கூடாது. இந்த வருஷம் இங்கே மலைக்கொசு உபத்திரவம் சொல்லி முடியாது. ஒவ்வொன்றும் ஈ அளவு இருக்கிறது. கடித்த இடம் பத்து நாள் வீங்குகிறது. வெளியூர் ஆட்கள் என்றால் அதற்குத் தனிப் பிரியம். தாங்கள் சிரமப்படுவதைப் பார்க்க எனக்கு மனம் தாங்காது."

"அப்ப அடுத்த வருசம் போவமே," என்றாள் சொர்ணலட்சுமி.

"கொசுவுக்குப் பயந்து வீட்டோட இருந்துட்டான்னு பொன்ராஜ் சொல்லவா?"

மாரிக்கனி பத்தாவது முடித்தவள். "நுவரெலியா பெரிய மலைப்பா. கொடைக்கானல் மாதிரி குளிருமாம். அங்கன கொசு இருக்குமா? பூகோள டீச்சர் சொன்னாங்க..."

"ஒங்க டீச்சர் அங்கன எம்புட்டு வருசம் இருந்தாங்க?"

"போனதில்லப்பா."

"மாமா இருபது வருசமா இருக்காரு. கடிபடுறவரு சொல்றதக் கேப்பனா, புஸ்தகத்தப் படிச்சவுக சொல்றதக் கேப்பனா?"

அப்படித்தான் அந்த மூன்று பட்டைகளும் கைக்கு வந்தன.

மறுநாள் காலையில் அய்யாதுரையின் கழுத்து சிவந்து தடித்து, திரும்ப முடியாமல் இருந்தது. பக்கத்து வீட்டு ஞானஜோதியைக் கூப்பிட்டார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவள், முப்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டாள். கழுத்தைப் பார்த்துவிட்டு, "எதப் பூசுனீக அண்ணாச்சி?" என்றாள்.

"மூணு மருந்து. கலந்துபோச்சு."

"ஒண்ணும் பூசாதீக. கொசுவலை வாங்கிக் கட்டிக்கிட்டுப் படுங்க. போதும்."

"வலைக்குள்ள கெடக்குறதுக்கு நான் என்ன அயிர மீனா?"

ஞானஜோதி கழுத்துக்குக் களிம்பு தடவிவிட்டுப் போனாள். அய்யாதுரை அன்று மாலையே ஆள் அனுப்பி மூன்று வலைகள் வாங்கினார். யோசனை தன்னுடையது என்று மச்சானுக்கு எழுதினார்.

அதற்கும் பதில் வந்தது. "வலை விஷயம் எழுதியிருந்தீர்கள். இங்குள்ளதில் பொடிச் சாதி ஒன்று இருக்கிறது. வலைக் கண்ணுக்குள் நுழைந்துவிடும். உள்ளே போனதற்கு வெளியே வர வழி தெரியாது. ஆகையால் விடியும்வரை உள்ளேயே இருந்து கடிக்கும். வலை கட்டாதவர்கள் இங்கே ஓரளவு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்."

"பாத்தியா சொர்ணம்? நர்ஸு பேச்சக் கேட்டா இப்படித்தான்," என்றார் அய்யாதுரை. வலைகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போயின. மாடு ஒரு வலையைப் பாதி தின்ற பிறகுதான் பார்த்தார்கள். வயிறு உப்பிய மாட்டோடு இரண்டு நாள் போராட வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் அவர் கம்பெனிக்குப் போய் ஃபோர்மேன் பெத்தணனைக் கூப்பிட்டார்.

"ஏலே பெத்தணா, கடையில கொசுச்சுருளுன்னு ஒண்ணு விக்கிதே, பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன் மொதலாளி. பத்த வச்சா பொகையும்."

"அது என்னது? நம்ம தரைச்சக்கரந்தான. அது நிக்கிது, இது சுத்துது. அம்புட்டுத்தான் வித்தியாசம். இருவது வருசமா மருந்து கலக்குறவன் நான். ஒரு கொசுவுக்கு மருந்து கலக்க எவங்கிட்டயாவது கேக்கணுமா?"

சிவகாசிப் பக்கத்தில் மருந்து என்றால் வெடிக்கிறது. மற்ற ஊர்களில் குணமாக்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருப்பதாக அய்யாதுரைக்குத் தோன்றவில்லை. பெத்தணனுக்குத் தோன்றியது.

"மொதலாளி, சக்கரம் நிமிசத்துல முடியணும். சுருளு ராத்திரி பூராம் கனியணும். நம்ம கைப்பளக்கம் அதுக்கு ஒத்துவராது."

"வேகமா ஓடுறவனுக்கு மெதுவா நடக்கத் தெரியாதாலே?"

பெத்தணன் வேலையில் இறங்கினான். பூச்சியை விரட்டுகிற பூப்பொடி, கொட்டாங்கச்சிக் கரி, மரத்தூள், பசை எல்லாம் பிசைந்து பன்னிரண்டு சுருள்கள் செய்தான். கடைசி நேரத்தில் அய்யாதுரை வந்து பார்த்தார். பற்றுவது போதாது என்று ஒரு சிட்டிகை வெடியுப்பு சேர்க்கச் சொன்னார். அவன் ஒரு சிட்டிகை போட்டான். "இதுதான் ஒனக்குச் சிட்டிகையா?" என்று அவர் தன் கையாலேயே ஒரு பிடி போட்டார்.

பரீட்சை மறுநாள் பொழுது சாயும் நேரத்தில், வீட்டுக் கூடத்தில் நடந்தது. பயணத்துக்காகப் பெட்டியில் அடுக்க வேண்டிய துணிகளைச் சொர்ணலட்சுமி கட்டிலின் மேல் பரப்பி வைத்திருந்தாள். சுருளைத் தகரத் தட்டில் நிறுத்தி அய்யாதுரை பற்ற வைத்தார்.

நுனி கனிந்தது. நூல் போலப் புகை எழுந்தது. ஒரு விரற்கடை எரியும்வரை அது கொசுச்சுருளாகவே இருந்தது.

"இப்ப என்ன சொல்லுற?" என்று மனைவியைப் பார்த்தார்.

அவள் சொல்வதற்குள் சுருள் உஸ்ஸென்று சீறியது. தட்டிலிருந்து குதித்தது. பொறி கக்கிக்கொண்டு கூடத்தை ஒரு சுற்று வந்து, கட்டிலுக்கு அடியில் புகுந்து, பீரோவில் மோதித் திரும்பி, தொங்கிக்கொண்டிருந்த பட்டுச்சேலையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. மாரிக்கனி ஒரு குடம் தண்ணீரைக் கட்டிலோடு சேர்த்துக் கொட்டினாள். தீ அணைந்தது. புகை அணையவில்லை. கரியும் பூப்பொடியும் நனைந்ததில், அது ஜன்னல் வழியாக மஞ்சளும் கறுப்புமாகத் தெருவுக்கு இறங்கியது.

வேறு ஊராக இருந்தால் அடுப்புப் புகை என்று போயிருப்பார்கள். பட்டாசு முதலாளி வீட்டிலிருந்து மஞ்சள் புகை வந்தால் சிவகாசியில் யாரும் நின்று விசாரிப்பதில்லை. தெரு முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. எதிர்வீட்டுக்காரர் உலையில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரை ஓடியிருந்தார். ஞானஜோதி மட்டும் வாளியோடு உள்ளே வந்தாள். அதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. கூடவே போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரும் வந்தார்.

"வீட்டுல மருந்து வச்சிருக்கீங்களா?"

"கொசு மருந்து சார்."

"கொசுவுக்கு வெடி வைக்கிறீங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பொன்ராஜ் மாதிரி இருந்தது. லைசென்ஸ் எடுத்த இடத்தை விட்டு வேறிடத்தில் மருந்து வைத்தது ஏன் என்று மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். லைசென்ஸ் போனால் கம்பெனி போகும். கம்பெனி போனால் எண்பது குடும்பத்துக்கு அடுப்பெரியாது. அய்யாதுரை மலைக்கொசுவின் குணங்களைப் பற்றி நான்கு பக்கம் விளக்கம் எழுதி, மச்சானின் இரண்டு கடிதங்களையும் சாட்சிக்கு இணைத்துக் கொடுத்தார். படித்த அதிகாரி என்ன நினைத்தாரோ, இனி இப்படிச் செய்யக்கூடாது என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டார். பைத்தியத்துக்கு லைசென்ஸ் விதிகளில் இடமில்லை போலும்.

"எல்லாம் பெத்தணனால வந்தது. பொடிய அரைக்கத் தெரியல," என்றார் அய்யாதுரை.

சொர்ணலட்சுமி கருகிய முந்தானையை அவர் முன்னால் விரித்துப் போட்டாள். "எங்க அண்ணன் வீட்டுக்கு இதத்தான் கட்டிக்கிட்டு வரணுமா?"

"கொசு கடிச்சு மொகம் வீங்கி நிக்கும்போது சேலைய எவன் பாக்கப்போறான்?"

ஆனால் ஒரு விஷயம் அவர் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று மருந்தும் கலந்து அப்பிக்கொண்ட கழுத்துப் பக்கம், அதற்குப் பிறகு ஒரு வாரம் எந்தக் கொசுவும் வரவில்லை. வீட்டு மனிதர்களும் வரவில்லை என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. தனித்தனியாகப் பூசியதுதான் பிழை என்ற முடிவுக்கு வந்தார். வேப்பெண்ணெய், புல்தைலம், களிம்பு மூன்றையும் ஒரு பித்தளை அண்டாவில் ஊற்றினார். சூடம் பொடித்துப் போட்டார். டர்பன்டைன் ஊற்றினார். கொசுவுக்கு வாசனை ஆகாது என்று பெருங்காயமும், அது போதாது என்று நசுக்கிய வெள்ளைப்பூண்டும் போட்டார். மூன்று நாள் வெயிலில் வைத்து இறுத்தபோது, பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு நிறத்தில் பன்னிரண்டு பாட்டில் நிறைய வந்தது.

ஞானஜோதி மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்துவிட்டு மூடினாள். "தோல் வெந்துபோகும் அண்ணாச்சி. பூசாதீக."

"ஒங்க ஆஸ்பத்திரியில இருக்கா இது மாதிரி ஒண்ணு?"

"இல்ல அண்ணாச்சி. இருந்தா பூட்டி வச்சிருப்பம்."

மருந்து கண்டுபிடித்துவிட்டேன், இன்ன தேதிக்கு வருகிறேன் என்று அவர் எழுதிப் போட்டதற்கு மச்சானிடமிருந்து தந்தியே வந்துவிட்டது. "கொசு கடுமை. யோசிக்கவும்."

தந்தியைப் படித்த அய்யாதுரைக்குக் கண் கலங்கியது. "பாவம் சொர்ணம், ஒங்க அண்ணன். தந்தி குடுக்குற அளவுக்குக் கடிபட்டுக்கிட்டு இருக்காரு. இனி நாம ஊரு சுத்திப் பாக்கவா போறம்? அவரக் காப்பாத்தப் போறம்."

விருதுநகர் ஸ்டேஷனில் வழியனுப்ப வந்தவர்கள் மாலையைத் தூரத்திலிருந்தே நீட்டினார்கள். பெட்டிக்குள் ஒரு பாட்டில் மூடி சரியாக இறுகாமல் இருந்தது. மதுரையில் மாறி ஏறிய வண்டியில் நெரிசல். மானாமதுரை தாண்டுவதற்குள் அந்த ரயில்பெட்டியில் அவர்கள் மூன்று பேரும் ஒரு கண் தெரியாத பெரியவரும்தான் மிச்சம். பெரியவருக்கு ஜலதோஷம். "பாத்தியா, என்ன வசதியா இருக்கு," என்று அய்யாதுரை காலை நீட்டிக்கொண்டார்.

தனுஷ்கோடியில் கப்பலேறும் முன் சுங்கப் பரிசோதனை. அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தார்கள். அவர் சற்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"பாட்டில்ல என்ன?"

"மருந்து."

"என்ன மருந்து?"

"நானே கலந்தது."

"உங்களுக்கு எந்த ஊர்?"

"சிவகாசி."

"தொழில்?"

"மருந்துதான்."

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். ஒரு போலீஸ்காரர் மணல் வாளியைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் பின்னால் போனார். வரிசையில் நின்றவர்களை வேறு மேஜைக்கு மாற்றினார்கள். கப்பல் ஒரு தடவை ஊதியது.

"சார், இது கொசு மருந்து. மேலுக்குப் பூசுறது."

"பூசிக் காட்டுங்க."

அய்யாதுரை சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு பாட்டிலை உடம்பெங்கும் பூசிக்கொண்டார்.

"இவங்களுக்கும்."

"நான் பூசமாட்டேன்," என்றாள் சொர்ணலட்சுமி.

"அப்ப சந்தேகமா இருக்கே," என்றார் அதிகாரி.

கப்பல் இரண்டாவது தடவை ஊதியது. சொர்ணலட்சுமி புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தையும் கைகளையும் நீட்டினாள். மாரிக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். கடல் காற்று அந்த வாடையை வாரி அதிகாரி பக்கமாகக் கொண்டுபோனது. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வழிகிற கண்ணோடு, எந்தக் காகிதம் என்றுகூடப் பார்க்காமல் முத்திரை குத்தித் தள்ளினார். அந்தக் கணத்திலிருந்து சொர்ணலட்சுமி அய்யாதுரையோடு பேசுவதை நிறுத்தினாள்.

தலைமன்னாரில் இறங்கும்போது மூன்று முகங்களும் தடித்துச் சிவந்திருந்தன. அங்கிருந்த அதிகாரி பாஸ்போர்ட்டுப் படங்களையும் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் இருப்பவர்கள் எங்கே என்று கேட்டார். அதை நிரூபிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. "கொசுக் கடிக்கு முந்தியே வீக்கம் வந்துட்டா, அப்புறம் கொசு என்ன செய்யமுடியும்?" என்று மகளுக்கு விளக்கினார் அய்யாதுரை.

நுவரெலியாவுக்கு இறங்க வேண்டிய நானுஓயா ஸ்டேஷனில் சீனிச்சாமி கம்பளிக் கோட்டும் கழுத்தைச் சுற்றி மஃப்ளருமாக நின்றிருந்தார். "வாங்க மாப்பிள்ளை. வந்துட்டீகளே," என்றார். மஃப்ளரை மூக்குவரை உயர்த்திக்கொண்டு தங்கச்சியின் தலையைத் தடவிக்கொடுத்தார். பல் கிட்டுகிற குளிர். புல்லின் மேல் உப்புத் தூவியது போல உறைபனி. கொசு இல்லை.

மறுநாளும் இல்லை. ஒரு வாரம் இல்லை. அய்யாதுரை காலையும் மாலையும் வீட்டு மூலைகளில் மருந்து தெளித்தார். ஜன்னல் சட்டங்களில் பூசினார். மச்சானுடைய கடைக்குள்ளும் தெளித்தார். கடையில் அரிசி வாங்கிப் போனவர்கள் இரண்டு பேர் அரிசியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அரிசியை எந்த முறையில் அடுக்க வேண்டும் என்று அவர் அப்போதே மச்சானுக்குச் சொல்லிக்கொடுத்தார். டீயை ஒரு தடவை குடித்துப் பார்த்து, தண்ணீர் சரியில்லை என்றார்.

"ஒரு கொசு இருக்கா மச்சான்? சொல்லுங்க."

"இல்ல மாப்பிள்ளை. ஒண்ணுகூட இல்ல."

"இருவது வருசமா இங்கன இருக்கீக. ஒங்களுக்கு ஒரு வழி தோணல. நான் வந்து ஏழே நாளு."

"மருந்து அருமை மாப்பிள்ளை. கொசுதான் அடியோட போயிருச்சே. இனி நீங்க கம்பெனியப் போட்டுட்டு இங்கன கெடக்கணுமா? நான் பாத்துக்கிறேன்."

"அதெப்படி? போனது திரும்பி வரும். ஒங்களுக்குத் தெளிக்கத் தெரியாது. இன்னும் ஏழு பாட்டில் இருக்கு. பங்குனி வரைக்கும் இருந்து அடியோட தொலைச்சிட்டுத்தான் போவேன்."

சீனிச்சாமி மஃப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். அவர் நடை சற்றுத் தளர்ந்திருந்ததை அய்யாதுரையும் கவனித்தார். கொசுக்கடியில் ரத்தம் குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் காலையில், பொன்ராஜுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். பினாங்கு போய்வந்தவன் என்ன செய்துவிட்டு வந்தான், கப்பலைப் பார்த்துவிட்டு வந்தான். இங்கே ஒருவன் ஒரு ஊரையே மீட்டிருக்கிறான் என்று ஜாடையாகத் தெரிவிக்கிற கடிதம். எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை கொசு வரும் என்ற விவரத்தையும் சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று பட்டது. அந்த நேரத்தில் சமையல்காரி குருவம்மாள் குளிக்க வெந்நீர் கொண்டுவந்தாள். தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள்.

"இந்தாம்மா, இங்கன கொசு மறுபடி எந்த மாசம் வரும்?"

குருவம்மாள் வாளியை இறக்கி வைத்தாள். "கொசுவா சாமி? இந்தக் குளிருல அது எங்க இருக்கும்? நான் பொறந்ததே இங்கதான். ஒருக்க கொழும்புக்குப் போனப்ப அங்க பாத்ததுதான்."

"மச்சான் கடுதாசியில எழுதியிருந்தாரே. தந்திகூடக் குடுத்தாரே."

குருவம்மாள் ஒரு விசேஷமும் இல்லாத விஷயத்தைச் சொல்வது போல, வெந்நீரில் கைவிட்டுச் சூடு பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அய்யா ஆளுக்கு ஒண்ணு எழுதுவாக சாமி, போன வருசம் அருப்புக்கோட்டைச் சொந்தக்காரவுக வாறோம்னதுக்கு அட்டைக்கடின்னு எழுதுனாக, தூத்துக்குடிக்காரவுகளுக்குச் சிறுத்தைன்னு எழுதுனாக, அவுகள்லாம் ஒரே கடுதாசியில நின்னுட்டாக, ஒங்களுக்கும் சிறுத்தையவே எழுதியிருக்கணும், போயும் போயும் கொசுவ எழுதிக் கெட்டேன்னு பதினஞ்சு நாளா பொலம்பிக்கிட்டுக் கெடக்காக."